ஏசி இல்லாத ஜூலை இரவில் ஒரு கச்சேரி

2024 ஜூலை 8, திங்கட்கிழமை. விடிவதற்குள் பெரில் புயல் டெக்சஸ் கரையைக் கடந்து எங்கள் தலைக்கு மேல் வந்துவிட்டது. மதியம் மழை விட்ட பிறகு வெளியே வந்து பார்த்தால், தெருமுனையில் ஓக் மரத்தின் பெரிய கிளை ஒன்று முறிந்து மின்கம்பிகளின் மேல் சாய்ந்து கிடந்தது. ஹூஸ்டன் வட்டாரத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் இல்லை என்று போனில் செய்தி வந்தது. எங்கள் வீடும் அதில் ஒன்று.

ஹூஸ்டனின் ஜூலை எப்படி இருக்கும் என்று ஊரில் கேட்பவர்களுக்கு, கடற்காற்று நின்றுபோன சென்னை மே மாத ராத்திரியை நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். வெக்கை ஒன்றுதான், வீடுகள்தான் வேறு. இங்கே வீடு கட்டுவதே ஏசியை நம்பி. முற்றம் கிடையாது, மொட்டை மாடி கிடையாது, ஒரு ஜன்னலைத் திறந்தால் எதிரே காற்று வெளியேற வழி இருக்காது. செவ்வாய்க்கிழமை ராத்திரி மனைவியும் மகளும் ஹாலில் வெறும் தரையில் படுத்துத் தூங்கிவிட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். தெரு முழுக்க இருட்டு. எத்தனையோ வருஷமாக இங்கே இருக்கிறேன், அன்றைக்குத்தான் எங்கள் தெருவில் நட்சத்திரங்களைப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவரும் விழித்திருந்தார். எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். தன் வீட்டுத் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெரிய பேட்டரிகள் போடும் பழைய சிடி பிளேயர் ஒன்று. கையைத் தூக்கி என்னைக் கூப்பிட்டார்.

"வாங்க, உட்காருங்க. ரொம்ப நாளா உங்களுக்கு ஒண்ணு போட்டுக் காட்டணும்னு இருந்தேன். அதுக்கு இதைவிட நல்ல ராத்திரி கிடைக்காது."

"ஏன்?"

"இது பதிவானதும் ஹூஸ்டன்ல, ஒரு ஜூலையில. அங்கேயும் ஏசி வேலை செய்யலை."

அப்படித்தான், தானே பாட்டெழுதி கிட்டாரோடு பாடிய டெக்சஸ் பாடகர் டவுன்ஸ் வான் ஸாண்டின் 'லைவ் அட் தி ஓல்ட் குவார்ட்டர்' ஆல்பத்தை முதல் தடவை கேட்டேன். அவருடைய பாட்டுகளில் இரண்டு மூன்று எனக்கு ஏற்கெனவே தெரியும், ஆனால் மற்றவர்கள் பாடி. அவர் குரலில் கேட்டது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு இந்த இரண்டு இசைத்தட்டுகளை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. இதைப் பற்றித் தமிழில் எழுத வேண்டும் என்று அன்று முதல் ஆசை.

முதலில் பாட்டு வராது. ஒருவர் மைக்கில் பேசுவார். எல்லாரையும் வரவேற்று, எது எங்கே இருக்கிறது என்று வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் சொல்வதுபோல இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, பாடகரின் பெயரைச் சொல்லி ஒதுங்கிக்கொள்வார். இசைத் தளங்களில் இந்த ஆல்பத்தைக் கேட்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டி நேராகப் பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து தாண்டாதீர்கள். அந்தச் சில நொடிகளில்தான் நீங்கள் வாசலைக் கடந்து உள்ளே போகிறீர்கள். எவ்வளவு சின்ன இடம், எவ்வளவு நெரிசல், இங்கே பாடகரை எல்லாருக்கும் எவ்வளவு பழக்கம் என்பதெல்லாம் அந்தக் குரலின் தோரணையிலேயே தெரிந்துவிடும்.

ஓல்ட் குவார்ட்டர் ஹூஸ்டன் நகர மையத்தில், ஆஸ்டின் தெருவும் காங்கிரஸ் தெருவும் சந்திக்கும் இடத்தில் இருந்த மதுக்கடை. அறுபது பேர் வசதியாக உட்காரக்கூடிய அறை. 1973 ஜூலையில் எர்ல் வில்லிஸ் என்பவர் ஒலிப்பதிவுக் கருவிகளை அங்கே கொண்டுபோய் வைத்தபோது நூறு பேருக்கு மேல் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்களாம். மேடையில் ஒரு ஆள், ஒரு கிட்டார், அவ்வளவுதான். பக்கவாத்தியம் இல்லை, கூடப் பாட ஆளில்லை. பாடகருக்கு அப்போது 29 வயது. 1968 முதல் 1972 வரை ஆறு ஆல்பங்கள் வெளியிட்டிருந்தார். ஒன்றும் பெரிதாக விற்கவில்லை. இந்தப் பதிவும் உடனே வெளிவரவில்லை. நான்கு வருஷம் கிடந்து, 1977இல்தான் டொமேட்டோ ரெக்கார்ட்ஸ் இதை இரட்டை எல்பியாக வெளியிட்டது.

அறிவிப்பு முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் வருவது 'பாஞ்சோ அண்ட் லெஃப்டி'. கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசையைக் கேட்பவர்களுக்கு இந்தப் பாட்டு தெரியாமல் இருக்காது. 1983இல் வில்லி நெல்சனும் மெர்ல் ஹாகார்டும் சேர்ந்து பாடி அமெரிக்க கன்ட்ரி வரிசையில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள். 1973இல் அந்தப் பேரும் புகழும் இல்லை. முந்தைய வருஷத்து ஆல்பத்தில் வந்த ஒரு பாட்டு, அவ்வளவே.

கதை இது. பாஞ்சோ என்று ஒரு கொள்ளைக்காரன். மெக்சிகோ பாலைவனத்தில் செத்துப்போகிறான். அவனுடைய கூட்டாளி லெஃப்டி. பாஞ்சோ விழுந்த அதே நாளில் லெஃப்டி ஒஹையோவுக்குக் கிளம்பிவிடுகிறான். போவதற்குக் காசு எங்கிருந்து வந்தது? யாருக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டுப் பாட்டு நகர்ந்துவிடுகிறது. காட்டிக்கொடுத்தான் என்று எங்கேயும் சொல்லவில்லை. போலீஸ்காரர்களோ, நினைத்திருந்தால் அவனை என்றைக்கு வேண்டுமானாலும் பிடித்திருப்போம், போகட்டும் என்று விட்டுவைத்தோம் என்று பெருமை பேசிக்கொள்கிறார்கள். கடைசியில் லெஃப்டி கிளீவ்லண்டின் குளிரில், மலிவான ஓட்டல் ஒன்றில் கிழவனாகிக்கொண்டிருக்கிறான். பாஞ்சோவுக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள், லெஃப்டிக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள் என்கிறது பாட்டு.

நெல்சனும் ஹாகார்டும் பாடியதில் இது இரண்டு பெரிய மனிதர்கள் சொல்லும் பழங்கதை. நன்றாகத்தான் இருக்கும். ஓல்ட் குவார்ட்டரில் இது வேறு மாதிரி. காசு எங்கிருந்து வந்தது என்கிற அந்த இடத்தை வான் ஸாண்ட் அழுத்திப் பாடுவதில்லை, நிறுத்துவதில்லை, குரலைக்கூட ஏற்றுவதில்லை. மற்ற வரிகளைப் போலவே அதையும் பாடிக்கொண்டு போகிறார். தீர்ப்புச் சொல்லும் வேலையை நம்மிடம் விட்டுவிடுகிறார். அறையில் சத்தமே இல்லை. பீர் குடிக்க வந்த நூறு பேர் இருக்கிற இடத்தில் அந்த அமைதி சாதாரணமானது கிடையாது. எங்கோ ஒரு கண்ணாடி டம்ளர் மேசையில் தட்டுகிறது, அதோடு சரி. நானும் பெரியவரும் திண்ணையில் அசையாமல் இருந்தோம். வியர்வை கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே இருந்தவர்களுக்கும் இப்படித்தானே இறங்கியிருக்கும் என்று தோன்றியது. துடைத்துக்கொள்ளக்கூட மனம் வரவில்லை.

கேட்பவர்களின் அமைதியைப் பதிவு செய்வது லேசான காரியம் கிடையாது. நேரடி ஆல்பம் என்றாலே கூட்டத்தின் ஆரவாரம்தான் என்று எண்ணுகிறோம். கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் 1968 ஜனவரி 13 அன்று ஃபால்சம் சிறையில் பாடிய ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான் மிகவும் மதிக்கும் ஆல்பம். அதில், சாவதைப் பார்ப்பதற்காகவே ஒருவனைச் சுட்டேன் என்கிற வரிக்குக் கைதி ஒருவர் உற்சாகமாகக் கூவுவதுபோல ஒரு சத்தம் வரும். கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும். அது பின்னால் ஸ்டூடியோவில் சேர்த்தது. இந்தச் சேதி தெரிந்த நாளிலிருந்து எந்த நேரடி ஆல்பத்தைக் கேட்டாலும் கைதட்டலை நம்புவதற்கு முன்பு ஒரு கணம் யோசிக்கிறேன். ஓல்ட் குவார்ட்டரில் அந்த யோசனை வரவில்லை. கேட்பவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பதை ஸ்டூடியோவில் யாராலும் சேர்க்க முடியாது.

கிட்டாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரே ஆள் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்குகிறார் என்றால் அதற்கு அந்தக் கைதான் காரணம். பெருவிரல் கீழ்ச்சுரத் தந்திகளில் மாறி மாறித் தட்டிக்கொண்டே இருக்கிறது. அது நிற்பதே இல்லை. மற்ற விரல்கள் மேல் தந்திகளில் மெட்டைப் பின்னிக்கொண்டு போகின்றன. மிருதங்கத்தில் தொப்பி என்கிற இடது பக்கம் கும்கி நாதத்தோடு தாங்கிப் பிடிக்க, வலது பக்கமான வலந்தலையில் சொற்கள் விழுவதை நினைத்துக்கொண்டால் எப்படி என்று புரியும். சீட்டாட்டத்தைப் பற்றி அவருடைய பாட்டு ஒன்று உண்டு, 'மிஸ்டர் மட் அண்ட் மிஸ்டர் கோல்ட்'. இரண்டு பேர் ஆடுகிறார்கள். சீட்டுக்கட்டில் இருக்கும் ராஜாக்களும் ராணிகளும் உயிரோடு எழுந்து சதி பேசுகிறார்கள். வரிக்குள் வரி எதுகை, மூச்சு விட இடமில்லாத வேகம். ஒரு சொல் பிசகினாலும் முழுப் பாட்டும் சரிந்துவிடும். பிசகவில்லை. பெருவிரல் கடிகாரம்போல ஓடிக்கொண்டிருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், டவுன்ஸ் வான் ஸாண்டைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் அவருடைய குடியைப் பற்றியும் அழிவைப் பற்றியும்தான் பேசுகிறார்கள். அவை உண்மைதான். 1944இல் டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்தில், பழம்பெருமை உள்ள வசதியான குடும்பத்தில் பிறந்தவர். அந்த மாநிலத்தில் ஒரு மாவட்டமே அவர்கள் குடும்பப் பெயரில் இருக்கிறது. கல்லூரிக் காலத்தில் மனநிலை நிலையாக இல்லை என்று பெற்றோர் கவலைப்பட்டு, 1964இல் கால்வெஸ்டன் தீவிலுள்ள மருத்துவமனையில் சேர்த்தார்கள். இன்சுலினை ஏராளமாகக் கொடுத்து நோயாளியை மயக்கத்துக்குக் கொண்டுபோகும் சிகிச்சை அன்றைக்கு வழக்கத்தில் இருந்தது. அதை அவருக்கு மாதக்கணக்கில் கொடுத்தார்கள். சிறுவயது நினைவுகளில் பெரும் பகுதி போய்விட்டது. பெற்ற தாய்க்கு அந்த முடிவு கடைசிவரை வேதனையாகவே இருந்தது. பிறகு குடி, போதை, ஊர் ஊராக அலைச்சல். 1997 ஜனவரி 1 அன்று, 52 வயதில் போய்ச் சேர்ந்தார். அவர் பெரிதும் போற்றிய கன்ட்ரி பாடகர் ஹேங்க் வில்லியம்ஸ் 1953இல் இறந்ததும் ஜனவரி 1தான்.

இத்தனையும் தெரிந்த பிறகு ஒருவர் பாட்டைக் கேட்டால் ஒவ்வொரு வரியிலும் அழிவையே தேடத் தோன்றும். பிற்காலப் பதிவுகள் சில எனக்குக் கேட்கவே முடியாதவை. குரல் கரகரத்து, வரிகள் நழுவி, ஒரு மனிதர் நம் கண்முன்னே உடைவதைக் காது கொடுத்துக் கேட்பதுபோல இருக்கும். அவற்றை ரசிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது மனிதத்தன்மையாகப் படவில்லை. ஓல்ட் குவார்ட்டரில் பாடுபவர் தன் தொழிலில் முழுத் தேர்ச்சியோடு இருக்கிறார். குரல் தெளிவு, கை உறுதி, வரிசை கச்சிதம். ஒரு கனமான பாட்டுக்குப் பிறகு எதைப் பாடினால் கூட்டம் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மலிவான ஒயின் ஒன்றின் பெயரில் பேச்சுப் பாட்டு ஒன்றை, கிட்டார் தாளத்தோடு பேசுவதுபோலவே, சொல்லிச் சிரிக்க வைக்கிறார். ஹூஸ்டனிலேயே வாழ்ந்த லைட்னிங் ஹாப்கின்ஸின் புளூஸ் ஒன்றைப் பாடுகிறார்; அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோகப் பாட்டு வகை அது. ஹாப்கின்ஸை இரவு இரவாகப் பார்த்து, அருகிலிருந்து கற்றுக்கொண்ட கை இவருடையது. ராக் அண்ட் ரோல் பாடகர் போ டிட்லியின் பாட்டு ஒன்றையும் எடுக்கிறார். பாடியது 26 பாட்டுகள். அழிந்துகொண்டிருந்த ஒருவர் தற்செயலாக இதைச் செய்துவிட முடியாது. உட்கார்ந்து உழைத்தவர் செய்தது இது.

அவர் பாட்டுகளுக்கு ஸ்டூடியோ பெரும்பாலும் நல்லது செய்யவில்லை என்பது என் எண்ணம். 1968இல் வந்த முதல் ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டுக்குத் தேவையில்லாத வாத்தியங்களும் எதிரொலியும் ஏற்றி, பட்டுப்புடவைக்கு மேல் ஜமுக்காளம் போர்த்தியதுபோல ஆக்கிவிட்டார்கள். அவருக்கே அது பிடிக்கவில்லை. அதில் இருந்த சில பாட்டுகளை அடுத்தடுத்த ஆல்பங்களில் மறுபடி பதிவு செய்தார். 'டெகம்சே வேலி' அப்படி மறுபதிவு கண்ட பாட்டு.

சுரங்கத் தொழிலாளியின் மகள் கேரொலைன். குடும்பக் கஷ்டத்துக்காக வேலை தேடி டெகம்சே வேலி என்கிற ஊருக்கு வருகிறாள். ஜிப்ஸி சாலி என்பவளின் மதுக்கடையில் வேலை கிடைக்கிறது. காசு சேர்த்து வசந்த காலத்தில் வீட்டுக்குப் போகலாம் என்றிருக்கிறாள். அப்பா இறந்துவிட்டார் என்று சேதி வருகிறது. அதற்குப் பிறகு போவதற்கு இடமில்லை, தெருவில் உடலை விற்று வாழ்கிறாள். ஒருநாள் மாடிப்படிக்குக் கீழே செத்துக் கிடக்கிறாள். கையில் ஒரு சீட்டு, ஊருக்கு விடைசொல்லி.

சொன்னால் இவ்வளவுதான். நம் ஊரிலும் இப்படி ஆயிரம் கதை. ஓல்ட் குவார்ட்டரில் அவர் இதைப் பாடும் முறையைக் கேட்க வேண்டும். அவள்மேல் இரக்கப்படுங்கள் என்று ஓரிடத்திலும் குரல் கெஞ்சவில்லை. பக்கத்துத் தெருவில் நடந்ததை, அவளைத் தெரிந்த ஒருவர், தெரிந்த இன்னொருவரிடம் சொல்வதுபோலச் சொல்கிறார். அப்பா செத்த சேதியும், வேலை கிடைத்த சேதியும் ஒரே தொனியில் வருகின்றன. அழுகையை நாம்தான் கொண்டுவர வேண்டியிருக்கிறது. பாட்டு முடிந்ததும் கைதட்டல் வர ஒரு நொடி தாமதமாகிறது. அந்த ஒரு நொடிக்காகவே நான் இந்த ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

முதல் தட்டில் பேச்சுப் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தபோது பெரியவர் சட்டென்று கையை உயர்த்தினார். "இதைக் கேளுங்க." கூட்டம் சிரித்தது. பிளேயரில் பின்னோக்கி நகர்த்தி மறுபடி போட்டார். சிரிப்பு ஓய்ந்த பிறகு ஒரே ஒருவர் மட்டும், கொஞ்சம் தாமதமாக, உரக்கச் சிரிப்பது கேட்டது.

"இது என் சிநேகிதன்னு நினைக்கிறேன்."

அந்த வருஷம் இருவரும் ஒரே இடத்தில் வேலை பார்த்தார்கள். இவருக்கு அந்த வாரம் ராத்திரி ஷிஃப்ட். நண்பர் கூப்பிட்டிருக்கிறார், இவர் போகவில்லை. இந்தப் பாடகர் இங்கேதானே இருக்கிறார், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். நண்பர் போய் வந்து ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டிருந்தாராம். அவர் இறந்து பல வருஷமாகிவிட்டது.

"அவன்தானான்னு உறுதியாத் தெரியாது. ஆனா எல்லாரும் சிரிச்சு முடிச்சப்புறம்தான் அவன் சிரிப்பான். எப்பவும் அப்படித்தான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஒரு ஒலிநாடா இருந்தது. ரேடியோவில் ராத்திரி கச்சேரி வரும்போது அப்பா டேப் ரெக்கார்டரை ரேடியோவுக்கு முன்னால் ஸ்டூலில் வைத்து, வீட்டில் யாரும் பேசக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுப் பதிவு செய்வார். ஒரு காம்போதி ஆலாபனை மேலே ஏறிக்கொண்டிருக்கும். நடுவில் பாட்டி, "ஏண்டா, பால் சூடு பண்ணட்டுமா?" என்று கேட்பது தெளிவாக விழுந்திருக்கும். அன்றைக்கு அப்பா கோபித்துக்கொண்டார். பாட்டி போன பிறகு அந்த நாடாவைப் போட்டால், காம்போதி எப்படிப் போகிறது என்று யாரும் கவனிப்பதில்லை. எல்லாரும் அந்த ஒரு கேள்விக்காகக் காத்திருப்போம். இதைப் பெரியவரிடம் சொன்னேன். அவருக்குக் காம்போதி தெரியாது. தலையை ஆட்டிவிட்டு, அந்தச் சிரிப்பை இன்னொரு முறை போட்டார்.

ஓல்ட் குவார்ட்டரை நடத்தியவர்களில் ரெக்ஸ் பெல் என்பவரும் ஒருவர். வான் ஸாண்டுக்கு பேஸ் கிட்டார் வாசித்தவர். இந்த ஆல்பத்தில் வரும் 'ரெக்ஸஸ் புளூஸ்' அவர் பெயரில் எழுதியதுதான். அந்தக் கடை மூடிப்போன பிறகு, 1996இல் அதே பெயரைச் சேர்த்து கால்வெஸ்டனில் சின்னதாக ஒரு இசைக்கூடம் திறந்தார். வான் ஸாண்ட் இறந்த பிறகு, ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் அங்கே கூடி அவருடைய பாட்டுகளைப் பாடுவது வழக்கமாகிவிட்டது. ஹூஸ்டனிலிருந்து சுமார் 50 மைல். சென்ற ஜனவரியில் நாங்களும் காரில் தீவுக்குப் போய் வந்தோம். உள்ளே நுழைய இடமில்லை. வாசலில் நின்றபடி கொஞ்ச நேரம் கேட்டோம். யாரோ 'இஃப் ஐ நீடட் யூ' பாடிக்கொண்டிருந்தார்கள். கனவில் வந்த பாட்டு, எழுந்ததும் எழுதி வைத்துக்கொண்டேன் என்று வான் ஸாண்ட் சொல்லியிருக்கிற பாட்டு அது. அதில் லூப், லில் என்று இரண்டு பெயர்கள் வரும். அவர் வளர்த்த சின்னக் கிளிகள். இறந்த மனிதரின் கிளிகளின் பெயரை முன்பின் தெரியாத ஒருவர் மனப்பாடமாகப் பாடுகிறார், அவருடைய நினைவுகள் பறிபோன அதே தீவில். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் கடற்காற்று அடித்துக்கொண்டிருந்தது.

ஜூலை ராத்திரிக்குத் திரும்புகிறேன். இரண்டாவது தட்டு பாதிக்கு மேல் ஓடியிருந்தது. 'வெயிட்டிங் ரவுண்ட் டு டை' வந்தது. அவர் எழுதிய ஆரம்பப் பாட்டுகளில் ஒன்று. சாவதற்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒருவன் செய்தவற்றையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும் பாட்டு. கல்யாணமான புதிதில் இதை எழுதியிருக்கிறார் என்றால் நம்ப முடியவில்லை. அதற்குப் பிறகு 'டெகம்சே வேலி'. அந்த ஒரு நொடி. கைதட்டல். அத்தோடு பிளேயர் நின்றுவிட்டது. பேட்டரி தீர்ந்துவிட்டது.

பெரியவர் பிளேயரை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். டார்ச்சில் இருந்த பேட்டரிகளைக் கழற்றிப் போட்டுப் பார்த்தார், அளவு சேரவில்லை. "இன்னும் ரெண்டு பாட்டு இருக்கு," என்றார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. கடைகளில் அந்த வாரம் பேட்டரியும் ஐஸும் கிடைக்கவே இல்லை. போனில் சார்ஜைச் சேமித்து வைத்திருந்தேன், அதில் தேடிக் கேட்டிருக்கலாம்தான். அவர் வேண்டாம் என்றார். "கரண்ட் வரட்டும். அதுக்குள்ள ஓடியா போயிடப்போகுது?" தட்டுகளை உறையில் போட்டு என்னிடம் கொடுத்தார். தேதி சொல்லவில்லை, திருப்பிக் கொடுங்கள் என்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை மின்சாரம் வந்தது. தெருவில் ஒரே நேரத்தில் ஏழெட்டு ஏசிகள் உறுமிக்கொண்டு கிளம்பின. பிள்ளைகள் வெளியே வந்து கத்தினார்கள். மனைவி முதலில் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு, கெட்டுப்போனதையெல்லாம் பையில் போட ஆரம்பித்தாள். அரை மணி நேரத்தில் வீடு குளிர்ந்தது. மகள் ஏசி காற்று விழும் இடமாகப் பார்த்துக் கைகளை விரித்துப் படுத்துக்கொண்டாள்.

ராத்திரி எல்லா வேலையும் முடிந்த பிறகு இரண்டாவது தட்டைப் போட்டேன். விட்ட இடத்துக்கே போனேன். கைதட்டல் கேட்டது, கிட்டார் தொடங்கியது. ஆனால் எதுவோ சரியாக இல்லை. ஏசியின் இரைச்சலில் அந்த அறை தொலைந்துபோயிருந்தது. பாட்டு கேட்கிறது, பாட்டைச் சுற்றியிருந்த எதுவும் கேட்கவில்லை. நிறுத்தினேன். எழுந்து போய் ஏசியை அணைத்தேன்.

"அப்பா, ஏம்ப்பா ஆஃப் பண்றீங்க? இப்பத்தானே வந்துச்சு!"

"ரெண்டே பாட்டும்மா. அப்புறம் போட்டுடறேன்."

முறைத்துப் பார்த்துவிட்டுத் தலையணையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து படுத்தாள். ஜன்னலைத் திறந்து வைத்தேன். வெக்கை மெல்ல உள்ளே வந்தது. எதிரே பெரியவர் வீட்டுத் திண்ணையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினேன்.